மனவடு அறிந்த சமூகம்: ரொறன்ரோத் தமிழர் முன்னுள்ள பணி

(சமூகத் தொண்டர்களுக்கும் சேவை நிறுவனப் பணியாளர்களுக்குமாக ரொறன்ரோவில் இடம்பெற்ற பயிற்சி அரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2009ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஒரு திங்கட்கிழமை. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்துவிட்டதென்று சிறிலங்காப் படைத்தரப்பு அறிவித்த அதே நாள், கனடாவில் விக்டோரியா நாள் விடுமுறையாக அமைந்தது. விக்டோரியா நாளன்று இரவில் வாணவெடி கொளுத்துவது இந்நகரத்தின் நெடுநாள் வழக்கம். அதற்கு 8 நாட்களுக்கு முன்னர்தான், மே 10ஆம் நாள், அன்னையர் தினத்தன்று, ஆயிரக்கணக்கான தமிழர்கள் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்திருந்தனர். குழந்தைகளைத் தள்ளுவண்டிலில் வைத்தபடி தாய்மார் அங்கு நின்றனர். சாலை மறிக்கப்பட்டதைப் பற்றி இந்நகரம் பல நாட்கள் பேசிற்று. அந்தத் தாய்மார் எந்த மனநிலையில் அங்கு வந்து நின்றனர் என்பதைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே.

இன்னொன்றையும் நோக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் மாதத் தொழிலாளர் தின வார இறுதியில் ஒன்ராரியோ ஏரிக்கு மேலே விமானக் காட்சி நடைபெறுகின்றது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய காட்சி அது. போர் விமானங்கள் நகரின்மேல் தாழப் பறக்கும்போது சிறுவர்கள் கைதட்டி மகிழ்கின்றனர். கிபிர் விமானத்தின் இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய ஒருவருக்கு அதே ஒலி என்ன செய்யும்? அவர் இப்போது கனடியக் குடிமகனாக இருக்கலாம், வீடு வாங்கியிருக்கலாம், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கலாம். ஆயினும் அந்த ஒலி கேட்ட கணத்தில் அவரது உடல் வன்னியில்தான் நிற்கும். அறிவு 'இது விளையாட்டு' என்று சொல்லி முடிக்குமுன்பே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும்.

இதற்குத் தமிழில் நல்லதொரு சொல் உண்டு: மனவடு. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம் அவர்களின் எழுத்துக்களின் வழியாக ஈழத்தமிழர் மத்தியில் பரவிய சொல் இது. காயம் ஆறிய பின்னரும் தோலில் நிற்பது வடு. அது எப்போதும் வலிப்பதில்லை. தொட்ட இடத்தில் வலிக்கும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே இந்நிலையைத் தனியொரு நோயாகத் தனது கையேட்டில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் துன்பமே அதற்கு ஒரு முக்கிய தூண்டுதலாயிற்று. சோமசுந்தரம் அவர்கள் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தனிமனிதரின் மனவடுவை ஆராய்ந்தார். பின்னர் 'கூட்டு மனவடு' என்னும் கருத்தை வலியுறுத்தினார். போர் மனிதர்களை மாத்திரம் காயப்படுத்துவதில்லை. அயலவர் மீது அயலவர் கொண்டிருந்த நம்பிக்கையையும், ஊரின் ஒழுங்கையும், குடும்பங்கள் ஒன்றுக்கொன்று துணைநின்ற முறையையும் அது சிதைக்கின்றது என்பது அவரது கருத்து. புலம்பெயர்ந்தோர் பெட்டியில் கொண்டுவந்தவற்றுள் இந்தச் சிதைவும் ஒன்று.

எமது மக்கள் இதை நோயின் பெயரால் சொல்வதில்லை. 'தலையிடி மாறுதில்லை', 'நெஞ்சுக்குள்ள அடைக்குது', 'நாரி பிடிக்குது', 'நித்திரை இல்லை', 'ஒரே யோசனை' என்றுதான் சொல்வர். பெருமூச்சு ஒன்றே போதும், ஒரு கிராமத்தின் கதையைச் சொல்வதற்கு. ஸ்காபரோவிலுள்ள குடும்ப வைத்தியரிடம் 10 நிமிடத்தில் இவையெல்லாம் சொல்லப்படுகின்றன. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றனர்; முடிவு சரியாக வருகின்றது; 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று கூறப்படுகின்றது.

ரொறன்ரோவில் இது ஆராயப்படாத விடயமன்று. மோர்ட்டன் பைசர் என்னும் உளமருத்துவப் பேராசிரியரும் அவரது சகாக்களும் இந்நகரில் வாழும் ஏறத்தாழ 1,600 ஈழத்தமிழரிடம் விரிவான ஆய்வொன்றை நடத்தி, 2003ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டனர். அந்த ஆய்வுக்கு அவர்கள் இட்ட தலைப்பே 'துயருறும் சமூகம்' என்னும் பொருள் தருவது. கேட்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் போரையோ, தாக்குதலையோ, அதற்கொப்பான கொடுமையையோ நேரில் சந்தித்தவர்கள். ஆயினும் மனவடுவால் துன்புற்றவர்களுள் மிகச் சிலரே தொழில்முறை உதவியை நாடியிருந்தனர். 2009ஆம் ஆண்டின் பேரழிவுக்கு முன்னரே எடுக்கப்பட்ட கணக்கு இது என்பதை மறத்தலாகாது.

ஏன் நாடவில்லை? 'விசர்' என்னும் ஒரு சொல்லின் அச்சம் முதற் காரணம். மகளின் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் தாய் உளமருத்துவரிடம் போகிறார் என்று தெரிந்தால் என்னாகும் என்ற கவலை எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. இரண்டு வேலை செய்பவருக்கு நேரமில்லை என்பதும் உண்மை. ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. சீருடையும் கோப்பும் கையெழுத்தும் உள்ள இடங்களில் எமது மக்களுக்கு நல்லது நடந்ததில்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் பின்னர் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கொண்டுசென்ற நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

அந்த அச்சம் இங்கும் உயிரைக் குடித்திருக்கின்றது. 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் 492 தமிழ் அகதிகளுடன் சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவை வந்தடைந்தது. வந்தவர்கள் வரவேற்கப்படவில்லை, தடுத்து வைக்கப்பட்டனர், பலர் பல மாதங்கள் அடைபட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் பின்னர் ரொறன்ரோவுக்கு வந்தார். அவரது அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. திருப்பி அனுப்பப்படுவோம் என்ற பயத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் காணாமற்போனபோது பொலிசாரிடம் எவரும் முறையிடவில்லை. எங்கோ மறைந்து வாழ்கிறார் என்றே உறவினர் எண்ணியிருந்தனர். தொடர்கொலையாளி ஒருவரின் கைகளில் அவர் இறந்தது 2018ஆம் ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. காணாமற்போனோர் தொடர்பாக ரொறன்ரோப் பொலிசார் நடந்துகொண்ட முறையைப் பற்றி நீதியரசர் குளோரியா எப்ஸ்ரைன் 2021இல் அளித்த அறிக்கை, ஒதுக்கப்பட்ட சமூகங்களுக்கும் பொலிசாருக்கும் இடையிலான நம்பிக்கையின்மையை விரிவாகப் பேசுகின்றது. அந்த மனிதரை அறிந்த கடைக்காரர் ஒருவரோ, கோயிலில் கண்டவர் ஒருவரோ, பயமின்றித் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் இடத்தை அறிந்திருந்தால் நடந்தது மாறியிருக்குமா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அப்படியோர் இடம் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம்.

'மனவடு அறிந்த அணுகுமுறை' என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இங்குதான் பொருள் பெறுகின்றது. இதன் வரலாறு நீண்டதன்று. மெக்சின் ஹரிஸ், ரோஜர் பலோட் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2001ஆம் ஆண்டில் ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டனர். மனவடுவுக்குச் சிகிச்சை அளிப்பது வேறு. மனவடு உள்ளவர்கள் வந்துபோகும் இடம் என்பதை அறிந்து ஒரு சேவையை வடிவமைப்பது வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். பல் வைத்தியரும் பாடசாலை அலுவலகமும் வீட்டுவசதி அலுவலரும் மனவடுவைக் குணப்படுத்த வேண்டியதில்லை. அதைக் கிளறாமல் தமது வேலையைச் செய்யக் கற்க வேண்டும். 2014இல் அமெரிக்க அரசின் உளநலச் சேவைகள் நிர்வாகம் இக்கருத்தை விரித்து வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 2018இல் கனடியப் பொதுச் சுகாதார முகவரகமும் தனது ஆவணத்தை வெளியிட்டு, அதில் 'வன்முறை' என்னும் சொல்லையும் இணைத்துக்கொண்டது. அந்தச் சேர்க்கை முக்கியமானது. காயம் ஒருவரின் மனதுக்குள் இருக்கலாம். அதற்குக் காரணம் வெளியே இருக்கின்றது. சில வேளைகளில் சேவை வழங்கும் நிறுவனமே அக்காரணமாகவும் இருக்கின்றது. இந்நாட்டின் முதற்குடி மக்களின் பிள்ளைகளை வதிவிடப் பாடசாலைகளில் அடைத்த வரலாற்றை 2008 முதல் 2015 வரை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு உணர்த்தியதும் இதைத்தான்.

இந்த அணுகுமுறையைப் பயிற்றுவோர் அடிக்கடி கூறும் வாசகமொன்று உண்டு. 'உங்களுக்கு என்ன பிழை?' என்று கேட்பதை விடுத்து 'உங்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேளுங்கள் என்பர். கேட்பதற்கு அழகாயிருக்கின்றது. ஆனால் தமிழருக்கான சேவைகளில் இரண்டாவது கேள்வியையும் எடுத்த எடுப்பில் கேட்டல் ஆகாது. வரவேற்பு மேசையில், நான்கு பேர் காதில் விழ, ஒரு படிவத்தை நிரப்பும் வேளையில் 'என்ன நேர்ந்தது' என்று கேட்பது, மூடிய கட்டைப் பிரித்துவிட்டு மருந்தின்றி எழுந்து போவதற்கு ஒப்பாகும். வருபவருக்கு ஏதோ நேர்ந்திருக்கலாம் என்று கொண்டு எல்லோரையும் ஒரே கவனத்துடன் நடத்துவதே சரி. தாதியர் எல்லா நோயாளரிடமும் கையுறை அணிகின்றனர். யாருக்குத் தொற்று உண்டு என்று கேட்டுவிட்டு அணிவதில்லை.

எமது பண்பாட்டின் மிக இயல்பான ஒரு கேள்வியையும் இங்கு எடுத்துப் பார்க்க வேண்டும். 'தம்பி, ஊரில எவடம்?' அன்பாகத்தான் கேட்கப்படுகின்றது. தமிழ்க் கடையில், திருமண மண்டபத்தில், வைத்தியசாலைக் காத்திருப்பு அறையில் இரு தமிழர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். ஆனால் இந்தக் கேள்வியின் அடியில் பல கேள்விகள் கிடக்கின்றன. எந்தச் சாதி? எந்தப் பக்கம் நின்றவர்? எப்போது வெளிக்கிட்டவர்? கடைசி வரை உள்ளே இருந்தவரா? முகாமில் இருந்தவரா? யாரை இழந்தவர்? முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் சேவை நிலையப் பணியாளர் இதைக் கேட்டவுடன் அப்பெண் 'யாழ்ப்பாணம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டால், அதன்பின் அவரிடமிருந்து எதையும் அறிய முடியாது. அவரைக் காக்கத் தெரிந்த ஒரே வழி மௌனம்தான் என்று வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றது. இக்கேள்வியைத் தமிழர் கைவிட வேண்டும் என்பதன்று. அது உறவின் கேள்வி. ஆனால் பணி மேசையில் இருப்பவர் அதைக் கேட்காமலிருக்கப் பழக வேண்டும். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

வேறு எதைக் கேட்கலாம்? 'அம்மா, கதவைச் சாத்தட்டோ, திறந்து விடட்டோ?', 'நீங்கள் எந்தக் கதிரையில இருக்க விருப்பம்?', 'இதைப் பற்றி இப்ப கதைக்க வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ, பிறகு பாப்பம்.' மிகச் சிறிய வாசகங்கள் இவை. தடுப்புக்காவலில் ஒருவரிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது தெரிவுதான்: எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதெல்லாம் வேறொருவர் கையில் இருந்தன. கதவுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார வைக்கப்படும் ஒருவர் அந்த நேர்காணல் முழுவதும் கதவைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பார். எனவே தெரிவைத் திருப்பிக் கொடுப்பது உபசாரமன்று. பணியின் ஒரு பகுதி.

கணினித் துறையில் இருப்போர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், பயனர்களைக் குறைகூறுவதில்லை, வடிவமைப்பைத்தான் திருத்துவர். சேவைகளில் மட்டும் ஏனோ நிலைமை தலைகீழாக இருக்கின்றது. மூன்று முறை சந்திப்புக்கு வராத தாயின் கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்படுகின்றது. குடிவரவு, வீட்டுவசதி, பாடசாலை, வைத்தியசாலை, சட்டத்தரணி என ஐந்து மேசைகளில் ஐந்து முறை தனது கணவர் எப்படி இறந்தார் என்று சொல்ல வேண்டியிருந்ததை அந்தக் கோப்பு பதிவதில்லை. ஒருமுறை சொன்னதை, அவரது சம்மதத்துடன், அடுத்த மேசைக்கு எடுத்துச்செல்ல ஒரு வழி செய்வது அத்துணைக் கடினமான காரியமா?

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல தமிழ்க் குடும்பங்களில் மூத்த பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். வங்கிக் கடிதத்தை வாசித்துச் சொல்வதில் தவறில்லை. வைத்தியரின் அறையில், தனது உடலுக்கு நேர்ந்ததைத் தாய் தமிழில் சொல்ல, 12 வயது மகன் அதை ஆங்கிலத்தில் சொல்லும் நிலை வேறு. தாய் பாதியை மறைப்பார். மகன் மீதியை மறைப்பான். வைத்தியருக்குக் கிட்டுவது வெறும் தலையிடி. அந்தப் பிள்ளை அன்று கேட்டதை எவரிடமும் சொல்லாமல் வளர்வான். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் சிக்கல் முற்றாகத் தீர்வதில்லை. ரொறன்ரோத் தமிழ்ச் சமூகம் பெரிதாயினும் சிறியது. வந்தவர் தனது ஊரவராகவோ, மைத்துனரின் நண்பராகவோ இருக்கலாம். அதனால் தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாமல், வேறு நகரத்திலுள்ள ஒருவரைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று சொல்லப்பட வேண்டும். பெண்ணுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பது கேட்கப்பட வேண்டும். ஆணிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். தடுப்புக்காவலில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஆண்களும் எமது சமூகத்தில் உள்ளனர். அதைப் பற்றிய மௌனம் இன்னமும் இறுக்கமானது.

அகதி விசாரணையில் இந்த அறிவின்மை ஒருவரை நாடு கடத்தவும் போதுமானது. கொடுமையின் நினைவுகள் பல வேளைகளில் நாட்குறிப்பைப்போல ஒழுங்காகப் பதிவதில்லை. ரயர் எரிந்த மணம், ஒரு பூட்டின் ஒலி, சுவரின் நிறம் என்று துண்டு துண்டாக நிற்கும், திகதி நிற்காது. முதல் வாக்குமூலத்தில் மார்ச் என்றும் இரண்டாவதில் மே என்றும் சொன்னவரைப் பொய்யர் என்று முடிவுகட்டுவது எளிது. கனடியக் குடிவரவு அகதிகள் சபை 2006ஆம் ஆண்டு டிசெம்பரில் தனது எட்டாவது வழிகாட்டியை வெளியிட்டு, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை விசாரிக்கும் முறையில் மாற்றங்கள் செய்ய இடமளித்தது. கேள்விகளின் வரிசையை மாற்றலாம், இடைவேளை கேட்கலாம், துணைக்கு ஒருவரை வைத்திருக்கலாம். வழிகாட்டி இருந்தென்ன, கேட்பவர் வேண்டுமே! படிவம் நிரப்ப உதவும் எமது தொண்டர்கள் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. ரொறன்ரோவிலுள்ள சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய நிலையம் 1983ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. யூலைப் படுகொலைகளால் எமது மக்கள் சிதறத் தொடங்கிய அதே ஆண்டு. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இந்நகரிலேயே இருக்கும் அந்நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு.

இனி, சற்றுக் கசப்பான ஒரு விடயம். தமிழ் அமைப்புக்களே செய்யும் பணியிலும் மனவடுவைக் கிளறும் பழக்கங்கள் உள்ளன. மே மாத நினைவேந்தல் நிகழ்வுகளில் சிதைந்த உடல்களின் படங்கள் வாயிலிலேயே வைக்கப்படுகின்றன. ஒளிப்படக் காட்சி மீண்டும் மீண்டும் ஓடுகின்றது. உலகுக்குக் காட்ட வேண்டும் என்னும் நியாயம் புரிகின்றது. ஆனால் அந்த மண்டபத்துக்குள் வருவது உலகமன்று. வருபவர்கள் அந்தப் படத்தில் இருப்பவரின் தாயும் தங்கையும்தான். ஆறு வயதுப் பிள்ளையும் கைபிடித்து வருகின்றது. படங்களைத் தனி அறையில் வைத்து, உள்ளே என்ன இருக்கின்றது என்று வாயிலில் எழுதி வைத்தால் எந்த உண்மையும் மறைக்கப்படுவதில்லை. அமைதியாக அமர்ந்திருக்க வேறோர் அறை, அங்கே தேநீரும் தண்ணீரும், பயிற்சி பெற்ற இருவர் - இவ்வளவுக்கும் பெரும் பணம் தேவைப்படாது.

சாட்சியங்களைத் திரட்டும் பணியில் இது இன்னும் கூர்மையான வினாவாகின்றது. நீதி வேண்டுமெனில் சாட்சியம் வேண்டும். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின் பின்னர் ஆதாரங்களைச் சேகரித்துப் பேணும் பணி ஐ.நா. மட்டத்திலும் தொடங்கிற்று. ஆனால் ஒரே தாயிடம் ஒரு மாணவர் அமைப்பு, ஓர் ஊடகவியலாளர், ஒரு சட்டத்தரணி, ஓர் ஆய்வாளர் என்று நால்வர் நான்கு முறை ஒலிவாங்கியை நீட்டுகின்றனர். ஒவ்வொரு முறையும் அவர் அழுகின்றார். ஒவ்வொரு முறையும் கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போகின்றார். அதன்பின் என்ன நடந்ததென்று எவரும் அவருக்கு அறிவிப்பதில்லை. சரியான முறையில் எடுக்கப்படாத வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டு, நாளை ஒரு நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே திரும்பவும் கூடும். மோதல்சார் பாலியல் வன்முறையிலிருந்து தப்பியோரிடம் தகவல் பெறுவோருக்காக 2022 ஏப்ரலில் வெளியிடப்பட்ட முராட் நெறிக்கோவை, இந்த நேர்காணல் உண்மையில் தேவைதானா என்பதை முதலில் சிந்திக்கச் சொல்கின்றது. யசீதிப் பெண்ணான நாடியா முராட்டின் பெயரைத் தாங்கிய அந்நெறிக்கோவை, வேறொரு மக்களின் இரத்தத்திலிருந்து கற்ற பாடம். தமிழ் அமைப்புக்கள் ஒலிப்பதிவுக் கருவியை வாங்குமுன் அதைப் படித்தல் நன்று. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும், சொன்னதை மீளப்பெறும் உரிமையும் சாட்சிக்கு உண்டு. அவ்வாறு மறுப்பவரை இனப்பற்று இல்லாதவர் என்று பேசும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். 2021ஆம் ஆண்டில் ஒன்ராரியோச் சட்டமன்றத்தில் நிறைவேறிய 104ஆம் சட்டமூலம், மே 18இல் முடிவடையும் 7 நாட்களைத் தமிழினப் படுகொலை பற்றிய அறிவூட்டல் வாரமாக அறிவித்தது. ஒரு வகுப்பறையில் ஆசிரியர் இதைப் பற்றிப் பேசும்போது, தந்தை அங்கே கொல்லப்பட்ட பிள்ளை பின்வரிசையில் இருக்கலாம். அப்பிள்ளையை எழுப்பி 'நீ சொல்' என்று கேட்பது பெருமையளிப்பது என்று ஆசிரியர் நினைக்கலாம். வீட்டில் எதுவுமே சொல்லப்படாத பிள்ளைகளும் உள்ளனர். பெற்றோரின் மௌனத்தையும், காரணம் தெரியாத கோபத்தையும், இரவில் எழும் கூக்குரலையும் மட்டுமே அறிந்தவர்கள் அவர்கள். 1990களில் இந்நகரின் தமிழ் இளைஞர் குழுக்களிடையே நடந்த வன்முறையை அன்று பொலிஸ் விவகாரமாகவே எல்லோரும் பார்த்தனர். போருக்குள் பிறந்து, பெற்றோரின்றி வந்து, ஒரு நிலக்கீழ் அறையில் ஐந்து பேராய் வாழ்ந்த பதின்ம வயதினருக்கு என்ன வழங்கப்பட்டது என்ற வினா அப்போது உரக்க எழவில்லை.

முதியோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை கஸ் டோல்ற்றன் என்னும் மீன்பிடிக் கப்பற் தலைவர் காப்பாற்றினார். அக்காலத்தில் இளைஞராக வந்தவர்கள் இன்று ஓய்வூதியர். அவர்கள் பின்னர் அழைத்துக்கொண்ட பெற்றோர் முதியோர் இல்லங்களில் உள்ளனர். மறதி நோய் வரும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் மறைகின்றது. தமிழும் பழைய நினைவுகளும் எஞ்சுகின்றன. இரவு இரண்டு மணிக்குக் கையில் மின்விளக்குடன் அறைக்குள் வரும் பணியாளர் அந்த முதியவருக்குச் சுற்றிவளைப்புக்கு வந்த படையினனாகத் தெரிகின்றார். அவர் கைவீசித் தாக்குகின்றார். 'வன்முறைப் போக்குடையவர்' என்று எழுதி மாத்திரை கொடுக்கின்றனர். விளக்கை நிலத்தை நோக்கிப் பிடித்து, 'ஐயா, நான்தான்' என்று இரண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்லக் கற்பித்தால் அந்த மாத்திரைகளில் சில தேவைப்படாமற் போகலாம்.

துக்கத்துக்கென்று எமது மரபு வைத்திருந்த வழிகளும் இங்கு நினைக்கத்தக்கவை. ஒப்பாரி, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று காலத்தை அளந்து அழவும் எழவும் முறை இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு அந்த வழி அடைபட்டுள்ளது. உடலும் இல்லை, திதியும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் போராடத் தொடங்கிய உறவுகளில் பலர் விடை காணாமலேயே இறந்துவிட்டனர். அவர்களின் சகோதரரும் பிள்ளைகளும் மார்க்கம் வீதியிலும் எக்லின்ரன் வீதியிலும் வாழ்கின்றனர். அந்தியேட்டி செய்துவிடுங்கள் என்று ஒரு குருக்கள் நல்லெண்ணத்துடன் சொல்லும் சொல், மகனைக் கொன்றுவிடு என்று சொல்வதாகவே அத்தாய்க்குக் கேட்கும். மதகுருமாருக்கும் பயிற்சி வேண்டும் என்பது இதனாலேயே.

இதற்கு முன்மாதிரியைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. உளமருத்துவர் ஓரிருவரே இருந்த யாழ்ப்பாணத்தில், போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, சோமசுந்தரம், சிவயோகன் போன்றோர் ஆசிரியர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அடிப்படை உளநல அறிவைப் புகட்டினர். சாந்திகம் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தமிழிலேயே அதற்கான நூலை வெளியிட்டது. எல்லோரையும் உளவளத்துணையாளர் ஆக்குவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. யார் கேட்க வேண்டும், யார் துணையிருக்க வேண்டும், யாரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் படிநிலையாகப் பகுத்தனர். 2007இல் ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் கூடி வெளியிட்ட உலகளாவிய வழிகாட்டியும் அதே படிநிலையைத்தான் கூம்பு வடிவில் வரைந்து காட்டுகின்றது: அடியில் பாதுகாப்பும் அன்றாடத் தேவைகளும், அதன்மேல் குடும்பமும் சமூகமும், பின்னர் பயிற்சி பெற்ற பணியாளர், உச்சியில் மட்டுமே நிபுணர். குண்டு விழுந்த மண்ணில் செய்ய முடிந்ததை, மண்டபங்களும் வளங்களும் நிறைந்த ரொறன்ரோவில் செய்ய முடியவில்லை என்று சொல்வதற்கில்லை.

அவசர வேளையில் எங்கே அழைப்பது என்பதையும் இங்குள்ளோர் அறிந்திருக்க வேண்டும். 2023 நவம்பர் 30 முதல் இயங்கும் 988 என்னும் தற்கொலைத் தடுப்பு இலக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சேவை வழங்குகின்றது. ரொறன்ரோ நகரின் சமூக நெருக்கடிச் சேவை 2022இல் சில பகுதிகளில் தொடங்கி, 2024 முதல் நகரம் முழுவதும் இயங்குகின்றது. 211 இலக்கத்தை அழைத்தால் பொலிசாருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற நெருக்கடிப் பணியாளர்கள் வருவர். பொலிஸ் வண்டியைக் கண்டால் உறைந்துபோகும் ஒரு குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. கோயில் அறிவித்தற் பலகையிலும் பலசரக்குக் கடைக் கல்லாவின் அருகிலும் தமிழில் இதை ஒட்டி வைக்க ஒரு மாலைப் பொழுது போதும்.

இறுதியாக, இப்பணியில் இருப்போரின் நிலை. மற்றவரின் மனவடுவை நாளெல்லாம் கேட்பவர்க்கும் அது ஒட்டுகின்றது. தமிழ்த் தொண்டர்களுக்கோ கேட்கும் கதை தமது சொந்தக் கதையாகவும் இருக்கின்றது. சித்திரவதையை 'நான்' என்று முதலாம் நபரில் மூன்று மணிநேரம் மொழிபெயர்த்துவிட்டு, ஒரு மொழிபெயர்ப்பாளர் கென்னடி நிலையத்தில் பேரூந்துக்காகத் தனியே நிற்கின்றார். அடுத்த நாளும் அவருக்கு வேலை உண்டு. அவரை அழைத்த நிறுவனம் விசாரணை முடிந்ததும் கால் மணிநேரம் அவருடன் அமர்ந்து பேச ஒருவரை ஒதுக்க வேண்டும். அந்தக் கால் மணிநேரத்துக்கும் அவருக்கு ஊதியம் வழங்க வேண்டும்.